தஸ்நேவிஸ்: பனி பெய்யாத கரையில் ஒரு பெயர்

தூத்துக்குடிக் கரையில் ஒரே தாய்க்கு இரண்டு பெயர்கள். அழைப்பிதழிலும் மன்றாட்டுப் புத்தகத்திலும் அவள் பனிமய மாதா. கடலில் காற்று திரும்பினாலும், வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல் ஏறினாலும், பெரியவர்கள் வாயில் முதலில் வருவது தஸ்நேவிஸ் மாதா. அவள் பெயரால் ஆண்பிள்ளைகளுக்கும் தஸ்நேவிஸ் என்று ஞானஸ்நானப் பெயர் இடுகிறார்கள். இந்தச் சொல் இங்கே வந்த கதையும், வந்தபின் போகாமல் நின்ற கதையும் தனித்தனியாகச் சொல்லத்தக்கவை. இரண்டாவதுதான் என் மனத்தை அதிகம் பிடித்துவைத்திருக்கிறது.

போர்த்துகீசியத்தில் அவள் முழுப்பெயர் 'நோசா செஞோரா தஸ் நேவெஸ்'. 'நோசா செஞோரா' என்றால் எங்கள் தலைவி. 'நேவே' பனி, 'நேவெஸ்' அதன் பன்மை. 'தஸ்' என்பது 'உடைய' என்னும் உருபும் பெண்பாற் பன்மைச் சுட்டும் ஒட்டிய ஒரு சிறு சொல். கரையின் மக்கள் தலைவியை விட்டுவிட்டு, உருபையும் பனியையும் ஒன்றாகப் பிணைத்து ஒரு பெயராக்கிக்கொண்டார்கள். போர்த்துகீசியக் காதுக்கு அது பாதியில் நிற்கும் தொடர். தமிழ்க் காதுக்கு நிறைவான பெயர். அழுத்தமில்லாத கடைசி உயிர் அந்த மொழியில் குறுகி ஒலிப்பதால் 'நேவெஸ்' இங்கே 'நேவிஸ்' ஆயிற்று. 'பெர்னாந்தோ' பர்னாந்து ஆனதும் இதே வழியில்தான்.

பர்னாந்து, கோமஸ், வாஸ், மிராந்தா போன்ற குடும்பப் பெயர்கள் 1530களுக்குப் பின் ஞானத்தந்தையரிடமிருந்து இந்தக் கடற்கரை மக்களான பரதவர் பெற்றவை. அவர்களுடைய சாதித்தலைவர் பட்டத்தில்கூட 'மோர்' என்றொரு போர்த்துகீசிய ஒட்டு சேர்ந்தது. பெரிய, தலைமையான என்று பொருள். 'பாண்டியபதி' என்ற தமிழ்ப் பட்டமும் அதன் பக்கத்திலேயே இருந்தது.

பனி மாதாவின் பூர்வீகம் ரோமாபுரி. 4ஆம் நூற்றாண்டில், திருத்தந்தை லிபேரியுஸ் காலத்தில், கடுங்கோடையான ஆகஸ்டு 5 அன்று எஸ்குவிலின் குன்றின்மேல் பனி விழுந்ததாகவும், பிள்ளையில்லாத செல்வத் தம்பதியரின் பொருளால் அங்கே மாதாவுக்குக் கோயில் எழுந்ததாகவும் மரபு. ஏடுகளில் இந்தக் கதை பல நூற்றாண்டுகள் கழித்தே ஏறியது. இன்று அந்தக் குன்றில் நிற்பது 5ஆம் நூற்றாண்டில் திருத்தந்தை மூன்றாம் சிக்ஸ்துஸ் எழுப்பிய புனித மரியா பேராலயம். அங்கே ஆண்டுதோறும் ஆகஸ்டு 5இல் கூரையிலிருந்து வெள்ளைப் பூவிதழ்களைப் பனிபோல உதிர்க்கிறார்கள்.

ஐபீரியக் கடலோடிகள் இந்தப் பெயரைத் திசையெங்கும் கொண்டுபோனார்கள். கரீபியன் கடலில் செயின்ட் கிட்ஸ் தீவுக்குப் பக்கத்தில் நெவிஸ் என்றொரு தீவு உண்டு. இதே மாதாவின் ஸ்பானியப் பெயரான 'லாஸ் நியெவெஸ்' என்பதிலிருந்து வந்தது அது. மலைமுகட்டில் மேகம் வெண்மையாகக் கவிந்திருந்ததைப் பார்த்து வைத்த பெயர் என்பார்கள். அங்கும் பனி பெய்வதில்லை.

நம் கரைக்குச் சொரூபம் வந்த கதையில் ஒரு சிக்கல் இருக்கிறது. மணிலாவில் செதுக்கி, சாந்தா எலேனா என்ற கப்பலில் ஏற்றி, 1555இல் வந்து சேர்ந்தது என்று சொல்லிவருகிறார்கள். ஸ்பானியர் மணிலாவில் நகரம் அமைத்ததோ 1571இல். ஆண்டு தவறியிருக்கலாம், ஊர் தவறியிருக்கலாம். 1582இல் தூத்துக்குடியில் கோயில் எழுந்தது என்பதிலிருந்து நாம் உறுதியான தரையில் நிற்கிறோம்.

அதற்கும் முன்னால் போகவேண்டும். 1536-37இல் மிக்கேல் வாஸ் குருவின் தலைமையில் இந்தக் கரையில் ஆயிரக்கணக்கானோர் திருமுழுக்குப் பெற்றார்கள். முத்துப் பார்களின் உரிமையிலும் கரையின் பாதுகாப்பிலும் நெருக்கடி முற்றி, போர்த்துகீசியரின் துணை தேடிய காலம் அது. அதன்பின் சொல்லித்தர ஆளில்லை. 1542 அக்டோபரில் வந்த பிரான்சிஸ் சவேரியார் தூத்துக்குடியிலிருந்து எழுதிய கடிதத்தில், இவர்களிடம் என்ன விசுவசிக்கிறீர்கள் என்று கேட்டால் தாங்கள் கிறிஸ்தவர்கள் என்ற ஒரு பதில்தான் கிடைக்கிறது என்று தெரிவித்தார். இதைப் பலரும் அறியாமைக்குச் சான்றாக எடுத்துக்காட்டுவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பெயர் முதலில் வந்தது, பொருள் பின்னால் வந்தது. பிள்ளை அம்மா என்று கூப்பிடக் கற்பதும் அந்த வரிசையில்தான்.

பொருள் வந்த வழியையும் அவருடைய கடிதங்களிலேயே பார்க்கலாம். சவேரியார் உள்ளூர் ஆட்களை வைத்து விசுவாசப் பிரமாணத்தைத் தமிழில் ஆக்கினார். அதன் முதற்சொல், 'விசுவசிக்கிறேன்' என்று இருக்கவேண்டிய இடத்தில், 'வேணும்' என்று அமைந்துவிட்டது. 1544இல் தோழர் மான்சிலாசுக்கு எழுதியபோது, வேணும் என்றால் விரும்புகிறேன் என்றாகிறது, விசுவாசம் என்ற சொல்லைப் போடுங்கள் என்று திருத்தம் அனுப்பினார். திருத்தம் சரியானதே. ஆனாலும் ஓராண்டுக்கு மேல் இந்தக் கரையில் ஆயிரம் நாவுகள் கடவுளை வேணும், வேணும் என்று சொல்லிக்கொண்டிருந்தன என்பதை நினைக்கும்போது, அந்தப் பிழையை நான் நேசிக்கிறேன். சோர்ந்த நாளில் 'விசுவசிக்கிறேன்' என்று சொல்ல வாய் எழாதவனுக்கும் 'வேணும்' என்று சொல்ல முடியும்.

சோதனை உடனே வந்தது. அதே 1544 ஜூன் மாதம் வடுகர் படை கரையின் தென்பகுதியில் பாய்ந்தது. மக்கள் ஊரை விட்டோடிக் கன்னியாகுமரிக்கருகே கடற்பாறைகளில் ஏறிக்கொண்டு, பசியிலும் தாகத்திலும் செத்தார்கள். சவேரியார் இருபது தோணிகளில் உதவி ஏற்றிப் புறப்பட்டார். எதிர்காற்று தோணிகளைத் தள்ளிவிட்டது. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மதுரை நாயக்கரின் ஆட்களால் நெருக்கடி வந்தபோது தூத்துக்குடிப் பரதவர் ஊரையே காலி செய்துவிட்டு எதிரிலிருக்கும் முயல் தீவில் போய்ச் சில ஆண்டுகள் குடியிருந்தார்கள். இவற்றுக்கிடையில் அன்றிக்கு அடிகளார் என்ற அன்றீக் அன்றீக்கஸ் 1546இல் இந்தியா வந்து, 1600இல் இறக்கும்வரை இவர்களோடு வாழ்ந்து, தமிழ் கற்று, 'தம்பிரான் வணக்கம்' (1578), 'அடியார் வரலாறு' (1586) ஆகியவற்றை அச்சிட்டார். தமிழ் அச்சு எழுத்தின் முதல் வாசகர்கள் இந்தக் கடற்கரை மக்கள் என்பதை நம் இலக்கிய வரலாறுகள் இன்னும் உரக்கச் சொல்லவேண்டும்.

1658இல் ஒல்லாந்தர் தூத்துக்குடியைப் பிடித்தார்கள். கால்வின் நெறியைச் சேர்ந்த அவர்களுக்குச் சொரூபமும் ஆகாது, யேசு சபைக் குருக்களும் ஆகாது. குருக்கள் துரத்தப்பட்டு உள்நாட்டில் தங்கினார்கள். பூசை காண மக்கள் ஊருக்கு வெளியே நடந்தார்கள். சொரூபத்தையும் அப்படியே வெளியில் கொண்டுபோய்க் காத்ததாகக் கரையில் சொல்வார்கள். தங்கள் மறைக்கு இவர்களைத் திருப்ப ஒல்லாந்தர் போதகரை வைத்து முயன்றதையும், பரதவர் தலைவர் கொடுத்த பதிலையும் 1700ஆம் ஆண்டளவில் பியேர் மார்த்தேன் என்ற பிரெஞ்சுக் குரு எழுதிவைத்திருக்கிறார். சவேரியார் இந்தக் கரையில் ஐந்தாறு பேரை உயிர்ப்பித்தார், நீங்கள் ஒரு டசன் பேரையாவது உயிர்ப்பியுங்கள், பிறகு பார்க்கலாம் என்பது அந்தப் பதிலின் சாரம். ஆளும் ஒல்லாந்தக் கும்பினியின் முகத்துக்கு நேரே சொன்ன பேச்சு அது. முத்துச் சிலாபத்துக்கும் சங்கு குளிப்புக்கும் இவர்களுடைய குளியாட்கள்தான் வேண்டும் என்பதால் ஒல்லாந்தர் படிப்படியாக விட்டுக்கொடுத்தார்கள். அவர்கள் ஆட்சியிலேயே, 1712இல் விஜீலியுஸ் மான்சி அடிகளார் இப்போதைய பெரிய கோயிலுக்கு அடிக்கல் இட்டார். 1713 ஆகஸ்டு 5இல் அது அபிஷேகமாயிற்று.

போர்த்துகீசியர் போய்விட்டார்கள். அவர்கள் மொழியைப் பேசுவோரும் கரையில் இல்லாமற் போனார்கள். 'தஸ்' என்றால் என்ன, 'நேவிஸ்' என்றால் என்ன என்று கேட்டால் விளக்க ஆளில்லை. ஒரு சொல் உதிர்ந்துபோக இவ்வளவு காரணம் போதும். உதிரவில்லை. குரு இல்லாத ஞாயிறுகளில் வீட்டுக்குள் செபமாலை சொல்லும்போது கூப்பிட ஒரு பெயர் வேண்டியிருந்தது. அதன் பொருளை அவர்கள் அகராதியில் தேடவில்லை, தங்கள் துன்பங்களைக் கொண்டு நிரப்பிக்கொண்டார்கள்.

'பனிமய' என்பது அந்தப் பெயரின் தமிழாக்கம். 'மயம்' நிறைந்தது என்று பொருள்படும் வடமொழி ஒட்டு. 'பனி' நம்முடையது, பழையது. சங்கப் பாட்டில் பனி என்றால் மார்கழிக் குளிரும் புல்லின்மேல் துளியும் மட்டுமல்ல. கண்ணில் நிறையும் நீரும் பனிதான். நடுங்குவது பனித்தல். மொழிபெயர்த்தவர் ரோமாபுரியின் உறைபனியைத்தான் நினைத்திருப்பார். தமிழ் தன் போக்கில் கண்ணீரையும் நடுக்கத்தையும் அந்தத் தாயின் பெயரில் சேர்த்துவிட்டது.

இன்னொரு உறவும் உண்டு. 'நேவே' லத்தீனின் 'நிக்ஸ், நிவிஸ்' என்பதிலிருந்து வந்தது. அதன் ஆதி வேரையும், ஈரம், பிசுக்கு, அன்பு என்று பொருள் விரிந்த வடமொழி 'ஸ்நேஹ'த்தின் வேரையும் ஒன்றென்று கொள்ளும் மொழிநூலார் உண்டு. அந்த ஸ்நேஹத்திலிருந்துதான் தமிழுக்கு நேயமும் நேசமும் வந்தன. அவர்கள் கொள்கை சரியென்றால் நேவிஸும் நேயமும் தூரத்து உறவினர். இதை நான் சான்றாக வைக்கவில்லை. தெரிந்த நாளிலிருந்து எனக்கு இது மகிழ்ச்சி தந்துவருகிறது என்பதால் சொல்கிறேன்.

பின்வந்த காலமும் இந்தக் கரைக்கு எளிதாக இருக்கவில்லை. 1961க்குப் பின் முத்துக்குளிப்பு நின்றுபோயிற்று. அந்தத் தொழிலால் பெயர்பெற்ற மக்களின் கையில் அந்தத் தொழில் இல்லை. 2018 மே 22இல் ஸ்டெர்லைட் ஆலைக்கெதிராகப் பேரணி புறப்பட்ட இடங்களில் ஒன்று பனிமய மாதா கோயில். துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் மாண்டார்கள். 2023 ஆகஸ்டு 5இல் மாதாவின் தங்கத்தேர் ஓடியது. அந்த டிசம்பர் 17, 18இல் பெய்த பெருமழையில், காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டி, மாவட்டமே வெள்ளத்தில் மூழ்கியது.

1969இல் கத்தோலிக்கத் திருச்சபை தன் வழிபாட்டு நாட்காட்டியைத் திருத்தியபோது, ஆகஸ்டு 5க்கு உரிய பழைய பெயரிலிருந்து பனியை எடுத்துவிட்டது. இப்போது அது புனித மரியா பேராலய நேர்ந்தளிப்பு நாள். பனிக் கதைக்கு வரலாற்றுச் சான்று போதாது என்ற முடிவில் பிழையில்லை. தூத்துக்குடியோ தன் பெயரை மாற்றவில்லை. 1982இல் இந்தக் கோயிலைப் பேராலயமாக உயர்த்தியபோது ரோமாபுரியும் பனிமய மாதா என்ற பெயரிலேயே உயர்த்தியது. ஆண்டுதோறும் ஜூலை 26இல் கொடியேறி, ஆகஸ்டு 5 மாலை சப்பரம் தெருவுக்கு வரும்போது, கூட்டத்தில் நிற்கும் பெண்கள் தஸ்நேவிஸ் மாதாவே என்றுதான் அழைக்கிறார்கள்.