வெளிவராத இசைத்தட்டு

கபிலரையும் பரணரையும் சேர்த்துச் சொல்லும்போது ‘கபிலபரணர்’ என்கிறோம். இடையில் நின்ற ‘உம்’ மறைந்து, இரு பெயரும் ஒரு சொல் நீர்மைத்தாகி, இறுதியில் பலர்பால் ஈறு ஏற்று நிற்கும். உம்மைத்தொகையைக் கற்பிக்கும் ஆசிரியர் எவரும் இவ்வெடுத்துக்காட்டைத் தொடாமல் செல்வதில்லை. ஆயினும் இருபதாம் நூற்றாண்டுத் தமிழர் நாவில் இதனினும் மிகுதியாகப் புழங்கிய உம்மைத்தொகை ஒன்றுண்டு. ‘விசுவநாதன் இராமமூர்த்தி’ என்பதே அது. இலக்கணப்படி ‘விசுவநாத இராமமூர்த்தியர்’ என வருதல் வேண்டும். படச் சுவரொட்டி எழுதியவர் நன்னூலைப் புரட்டிக்கொண்டிருக்கவில்லை. மக்களும் அதைக் குறையாகக் கொள்ளவில்லை. அஃது ஒருவரின் பெயரென்றே எண்ணியிருந்த பெரியவர்கள் எங்கள் மலாக்காத் தோட்டப்புறங்களில் இருந்தனர்.

இருவரும் வெவ்வேறு மண்ணினர். தி.கி. இராமமூர்த்தி 1922இல் திருச்சிராப்பள்ளியில், வயலின் வாசிப்பையே குலச்செல்வமாகக் கொண்ட குடும்பத்தில் பிறந்தவர். மலைக்கோட்டை கோவிந்தசாமிப் பிள்ளையின் பேரர். ம.சு. விசுவநாதன் 1928இல் பாலக்காட்டை அடுத்த எலப்புள்ளியில் பிறந்து, இளமையில் தந்தையை இழந்து, சூப்பிட்டர் பட நிறுவனத்தில் எடுபிடி வேலையிலிருந்து மேலே வந்தவர். சி.ஆர். சுப்பராமனின் இசைக்குழுவில் ஒருவர் வயலினும் மற்றவர் ஆர்மோனியமுமாக இருந்தனர். 1952இல் சுப்பராமன் இளவயதிலேயே மறைந்தார். அவர் முடிக்காமல் விட்டுச்சென்ற படங்களை இவ்விருவரும் முடித்துக் கொடுத்தனர். அவ்வாண்டே கலைவாணர் இயக்கிய ‘பணம்’ படத்தில் இருவர் பெயரும் இணைந்து வெளிப்பட்டது. ‘பாவமன்னிப்பு’, ‘பாசமலர்’, ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’, ‘கர்ணன்’, ‘காதலிக்க நேரமில்லை’ என அடுத்து வந்தவற்றை ஈண்டு விரிக்க வேண்டுவதில்லை. 1963இல் சென்னையில் நடந்த விழாவில் சிவாசி கணேசன் இவர்களுக்கு ‘மெல்லிசை மன்னர்கள்’ என்னும் பட்டத்தை வழங்கினார். 1965இல் ‘ஆயிரத்தில் ஒருவன்’ வெளிவந்ததோடு தொகை விரிந்தது, இருவரும் பிரிந்தனர்.

பிரிவுக்குக் காரணம் யார், எவர் தூண்டினார் என்னும் கதைகள் பலவாறு உலவுகின்றன. அவற்றை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஆராய்ந்தாலும் ஒரு பாடல் கூடக் கூடுதலாகக் கிட்டப் போவதில்லை. நாம் கேட்க வேண்டிய வினா வேறு. 1965க்குப் பின்னும் இருவரும் சேர்ந்தே இருந்திருப்பின் அடுத்த ஐந்தாண்டுகளில் எத்தகைய இசை பிறந்திருக்கும்?

இத்தகைய வினாவை மேலைநாட்டார் தயங்காமல் கேட்கின்றனர். இங்கிலாந்தின் ‘பீட்டில்சு’ குழு 1970 ஏப்பிரலில் பிரிந்தது. அவ்வாண்டு முடிவதற்குள் நால்வரும் தனித்தனியே இசைத்தட்டுகளை வெளியிட்டனர். அவற்றிலிருந்து பொறுக்கியெடுத்துக் குழு பிரியாதிருந்தால் வெளிவந்திருக்கக்கூடிய அடுத்த இசைத்தட்டைக் கற்பனையாகத் தொகுப்பது அக்குழுவின் சுவைஞரிடையே ஐம்பதாண்டு வழக்கம். அவர்களுக்கு ஒரு வாய்ப்பும் உண்டு. சியார்ச்சு ஆரிசன் தனியே வெளியிட்ட சில பாடல்கள் 1969 சனவரியிலேயே நால்வரும் கூடி ஒத்திகை பார்த்தவை. எனவே அவர்கள் கற்பனைக்குக் கால் ஊன்றச் சிறிது தரை இருக்கிறது.

நமக்கு அந்தத் தரை இல்லை. நம் திரைப்பாடல் கதைச் சூழலுக்காகப் பிறப்பது. இயக்குநர் சூழலைச் சொல்லாத வரையில் மெட்டுக்கு வேலையில்லை. 1966இல் இராமமூர்த்தி அமைத்த பாடலுக்கு விசுவநாதன் உடனிருந்தால் என்ன செய்திருப்பார் எனக் கேட்பதற்கு முன், அந்தப் படம் இருவருக்கும் வந்திருக்குமா என்றே கேட்க வேண்டியிருக்கும். இவ்வாறெனின் இம்முயற்சி வீண் விளையாட்டாகாதோ என ஐயுறலாம்.

ஆகாது எனத் துணிவேன். தனித்தனியே பாடப்பட்டவற்றைச் சேர்த்து ஒன்றாக்குவது தமிழருக்குப் பழகிய கலை. ஐங்குறுநூறு ஐம்புலவர் பாடியது. புலவர்க்கு ஒரு திணை, திணைக்கு ஒரு நூறு. அவற்றை ஒரு நூலாக்கியவர் கூடலூர் கிழார், ஆக்குவித்தவன் சேரன். குறுந்தொகையில் அடியளவே சேர்க்கையின் விதியாயிற்று. அப்புலவர்கள் தம் பாட்டுகள் இன்ன வரிசையில் நிற்குமென அறிந்தவரல்லர். ஆயினும் அத்தொகைகளின் வழியாகத்தான் சங்ககாலத்தை நாம் அறிகிறோம். அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும்போதே ஒன்றன் இயல்பு மற்றொன்றால் துலங்குகிறது. தொகுப்பவன் செய்யக்கூடியதும் அதுவே.

எங்கள் வட்டாரத்தில் இத்தகைய தொகைகள் உண்மையிலேயே இருந்தன. நான் இடைநிலைப் பள்ளியில் பயின்ற 1980களில், வேண்டிய பாடல்களை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் வெற்று ஒலிநாடாவில் பதிந்து தரும் கடைகள் நகரில் இருந்தன. அறுபது நிமிட நாடாவின் ஒரு பக்கத்தில் ஏழெட்டுப் பாடல் கொள்ளும். மேலுறையில் ‘விசுவநாதன் இராமமூர்த்தி பாடல்கள்’ என எழுதியிருக்கும். உள்ளே ‘பாலும் பழமும்’ படத்தை அடுத்து ‘அன்பே வா’ ஒலிக்கும். அது 1966இல் விசுவநாதன் தனித்து இசையமைத்தது. அதனை அடுத்து ‘நான்’ படப் பாடல் வரும். அது 1967இல் இராமமூர்த்தி தனித்து அமைத்தது. பால்வெட்டுக்குச் சென்று திரும்பிய தொழிலாளியும், நாடாவைப் பதிந்தவரும், கேட்டுக்கொண்டிருந்த நாங்களும் இப்பிரிவினையைப் பொருட்படுத்தவில்லை. மலேசிய வானொலியின் தமிழ்ப்பிரிவு அறிவிப்பாளர்கள் இசையமைப்பாளர் பெயரைச் சொல்லியே பாடலை ஒலிபரப்பினர். ஆனால் பாட்டின் முதலிசை எழும்போது பெயர் காதில் நிற்பதில்லை.

இவ்வயர்வில் ஒருவருக்கு மட்டுமே இழப்பு நேர்ந்தது. விசுவநாதன் தொடர்ந்து நூற்றுக்கணக்கான படங்களுக்கு இசையமைத்தார். இராமமூர்த்தி தனித்து அமைத்தவை ஏறத்தாழ இருபது படங்களே. இன்று அவர் பாடல்களைக் கேட்பவர்களில் மிகப்பலர் அவற்றையும் விசுவநாதன் கணக்கிலேயே எழுதுகின்றனர். பெருநதியை அடுத்த ஓடையின் நீர் நதியின் நீராகவே எண்ணப்படுவது போன்றது இது. ஆகவே யான் தொகுக்கும் இசைத்தட்டில் ஒரு விதி கட்டாயம்: பன்னிரண்டு பாடல், ஆளுக்கு ஆறு. கால எல்லை 1966 முதல் 1970 வரை. உறையில் தொகையாக எழுதாமல் ‘விசுவநாதனும் இராமமூர்த்தியும்’ என எண்ணும்மை விரித்து எழுத வேண்டும்.

இனிப் பாடல்களுக்கு வருவோம். பிரிவைப் பற்றிப் பேசுவோர் ஒரு வாய்பாட்டைக் கையில் வைத்திருக்கின்றனர். மெட்டு விசுவநாதனுடையது, இசைக்கருவிகளின் கோவை இராமமூர்த்தியுடையது என்பதே அவ்வாய்பாடு. கருநாடக இசையின் ஆழம் வயலின் குடும்பத்தாரிடமிருந்தும் புதுமையின் துள்ளல் மற்றவரிடமிருந்தும் வந்தன என்பது அதன் மற்றொரு வடிவம். கேட்பதற்கு அழகாயிருக்கிறது. இரட்டைப் புலவரில் ஒருவர் முடவர், ஒருவர் குருடர். ஒருவர் தொடங்க மற்றவர் முடித்தார் என்னும் கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு இத்தகைய பங்கீடு எளிதில் பிடித்துப்போகும். இளஞ்சூரியரும் முதுசூரியரும் பாடிய தில்லைக் கலம்பகத்தில் எவ்வரி எவருடையது என்று எவரேனும் பிரித்துக் காட்டியதுண்டா?

இங்கே நமக்குச் சான்று இருக்கிறது. பிரிந்தபின் ஒவ்வொருவரும் தனித்துச் செய்தவையே அச்சான்று.

1966இல் முரசொலி மாறன் இயக்கிய ‘மறக்க முடியுமா’ படத்துக்கு இராமமூர்த்தி இசையமைத்தார். மு. கருணாநிதி எழுதிப் பி. சுசீலா பாடிய காகித ஓடப் பாடலை அறியாதார் இலர். அங்கே மெட்டுத்தான் அரசு செலுத்துகிறது. கருவிகள் அக்குரலுக்கு வழிவிட்டு விலகி நிற்கின்றன. அவ்வாண்டின் ‘தேன்மழை’யில் சுசீலா நெஞ்சைத் தூதனுப்பும் பாடல் ஒன்றுண்டு. நெஞ்சுவிடு தூது என்னும் சிற்றிலக்கிய மரபைக் கற்பிக்கும் ஆசிரியர் வகுப்பில் தயங்காமல் ஒலிக்கவிடலாம். மெட்டமைக்கத் தெரியாதவர் செய்யக்கூடிய காரியமா இவை? மறுபுறம், 1967இல் வெளிவந்த ‘இருமலர்கள்’ படத்தில் மாதவியைப் புகழ்ந்து டி.எம். சௌந்தரராசன் பாடும் ஆடற்பாடலைக் கேளுங்கள். கரகரப்பிரியா இராகத்தை அவ்வளவு தெளிவாக விரித்தவர் தனித்து நின்ற விசுவநாதன். 1969இல் ‘சிவந்த மண்’ படத்துக்குப் பெருங்கருவிக் கூட்டத்தை நடத்தியவரும் அவரே. ஆக, வாய்பாடு இரு பக்கமும் உடைகிறது. ஒவ்வொருவரிடமும் முழு இசையமைப்பாளர் ஒருவர் முன்பே இருந்தார்.

அவ்வாறாயின் பிரிவினால் இழந்தது யாது? இழப்பே இல்லை என்பாருடன் யான் உடன்படேன். பன்னிரண்டு பாடல்களையும் பலமுறை அடுத்தடுத்துக் கேட்டபின் எனக்குத் தோன்றுவது இது. இருவரும் சேர்ந்து அமைத்த பாடல்களில் ஒரு சிக்கனம் இருக்கிறது. பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவே வயலின்கள் எழுகின்றன. எழுந்து, இன்னும் சற்று நீளலாம் என நாம் எண்ணும்போதே அடங்குகின்றன. தனிப் பாடல்களில் அந்த அடக்கம் எப்போதும் கிட்டுவதில்லை. விசுவநாதனிடம் புதுப்புது எண்ணங்கள் அலையலையாக வந்து, சில வேளைகளில் ஒரே பாட்டில் மூன்று பாட்டுக்கான பொருளைக் கொட்டிவிடுகின்றன. இராமமூர்த்தியிடம் எடுத்த மெட்டை விட மனமின்றி மீண்டும் வருடும் போக்குத் தென்படுகிறது. ஒருவர் மிகும்போது ‘போதும்’ எனவும், ஒருவர் தயங்கும்போது ‘மேலே செல்க’ எனவும் சொல்ல அருகில் மற்றவர் இல்லை. பாடகர் மாறவில்லை, பாடலாசிரியர் கூட மாறவில்லை, ‘நான்’ படத்துக்கும் கண்ணதாசன் எழுதினார், ‘ஊட்டி வரை உறவு’ படத்துக்கும் அவரே எழுதினார். மாறியது அருகிலிருந்த செவி ஒன்றே.

மேற்சொன்ன இரு படங்களும் 1967 தீபாவளிக்கு வெளிவந்தவை. ‘இருமலர்கள்’ படமும் அந்நாளினதே. ஒரே பண்டிகையில் பிரிந்த இருவரும் எதிரெதிர் அரங்குகளில் ஒலித்தனர். இசைத்தட்டின் நடுவிடத்தை அத்தீபாவளிக்கே ஒதுக்குகிறேன்: ‘நான்’ படத்தில் சௌந்தரராசனும் சுசீலாவும் பாடிய காதற்பாடல், அடுத்து ‘ஊட்டி வரை உறவு’ படத்தில் அதே இருவர் பாடிய பாடல். பெயரைச் சொல்லாமல் இவ்விரண்டையும் ஒலிக்கவிட்டு, எது எவருடையது என மாணவரைக் கேட்டுப் பாருங்கள். செவிப்பயிற்சிக்கு இதனினும் நல்ல பாடம் அரிது.

தொடக்கத்துக்கு ‘அன்பே வா’ படத்தின் சிம்லா மலைப் பாடலே ஏற்றது. புதுக்காற்று அதில் வீசுகிறது. இரண்டாவதாகக் காகித ஓடம். மூன்றாவது, ‘கொடிமலர்’ படத்தில் பி.பி. சீனிவாசு பாடிய மௌனம் பற்றிய பாடல். நான்காவது ‘தேன்மழை’த் தூது. ‘இராமு’ படத்தில் சீர்காழி கோவிந்தராசனும் சௌந்தரராசனும் கண்ணனை அழைத்துப் பாடுவதற்கு மறுமொழியாக, ‘நீலகிரி எக்சுபிரசு’ படத்தில் சுசீலா திருத்தணி முருகனைப் பாடுவது நிற்க வேண்டும். ‘தங்கச் சுரங்கம்’ படத்திலிருந்து ஒன்று வேண்டும். சிவாசி கணேசனுக்கு இராமமூர்த்தி தனித்தமைத்த இசை எவ்வாறிருந்தது என்பதை இளையோர் அறிய வேண்டாவா? பன்னிரண்டாவதாக 1970இன் ‘சங்கமம்’ படப் பாடலை வைப்பேன். சௌந்தரராசனும் சுசீலாவும் பாட, தனியே வந்த ஒருத்தியில் தொடங்குகிறது அது. படத்தின் பெயரோ சங்கமம்.

இப்பாடல்கள் எங்கள் மண்ணில் ஒலித்த ஆண்டுகளையும் நினைவிற் கொள்ள வேண்டும். 1968இல் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இயற்றப்பட்டது. குடியுரிமை பெறாதோர் வேலை அனுமதிச் சீட்டுப் பெற்றாக வேண்டிய நிலை அடுத்த ஆண்டு வந்தது. நாடெங்கும் தோட்டங்களிலிருந்து பல்லாயிரவர் தமிழகம் திரும்பினர். அண்ணன் நீலநிற அடையாள அட்டையோடு இங்கும், தம்பி சிவப்பட்டையோடு கப்பலிலும் எனக் குடும்பங்கள் பிரிந்தன. ஓடம், தூது, தனிமை என்பன அன்றைய இலயங்களில் வெறும் திரைப்பாடற் பொருளாகக் கேட்கப்பட்டிரா.

இந்தித் திரையுலகின் சங்கர் செய்கிசன் இணையர் வேறு வழியை மேற்கொண்டனர். மனம் வேறுபட்டுத் தனித்தனியே மெட்டமைத்தபோதும் பெயரைப் பிரிக்கவில்லை. 1971இல் செய்கிசன் இறந்தபின்னும் சங்கர் அவ்விணைப்பெயரிலேயே இசையமைத்தார். அங்கே பெயர் நிலைத்தது, இசை பிரிந்தது. நம்மவர் பெயரையும் பிரித்துக்கொண்டமையால், எவர் என்ன செய்தார் என்பதை ஆண்டு வாரியாகக் காண வரலாற்று மாணவனுக்கு வழி பிறந்தது. அவ்வகையில் நம்மவர் பிரிவு நேர்மையானது என்பேன்.

முப்பதாண்டு கழித்து இருவரும் மீண்டும் சேர்ந்தனர். 1995இல் வெளிவந்த ‘எங்கிருந்தோ வந்தான்’ படத்தில் இரு பெயரும் மறுபடி ஒருங்கே தோன்றின. ‘ரோசா’ வெளிவந்து மூன்றாண்டு ஆகியிருந்த காலம் அது. தமிழர் செவி வேறொரு திசையில் திரும்பியிருந்தது. படத்தைத் தேடிப் பார்த்தவர்களும் 1965இல் நின்ற இடத்திலிருந்து இசை தொடரும் என எதிர்பார்த்தனர்; இடையில் இருவரும் தனித்துக் கற்றவை எவ்வளவு என்பதை எண்ணிப் பார்க்கவில்லை. 2012இல் தமிழக முதல்வர் செயலலிதா இருவரையும் ஒரே மேடையில் சிறப்பித்தார். 2013இல் இராமமூர்த்தியும் 2015இல் விசுவநாதனும் மறைந்தனர். 1995ஆம் ஆண்டுப் படத்திலிருந்து ஒரு பாடலையேனும் சேர்க்கலாமே என நண்பர் ஒருவர் வற்புறுத்தினார். சேர்க்கவில்லை. அது சேர்ந்திருந்தபோது பிறந்தது; இத்தொகையோ பிரிந்திருந்தபோது பிறந்தவற்றுக்கு உரியது.