மொட்டைமலையில் இறங்கிய பன்றிகள்

1912 ஏப்ரலில் வட கரோலினாவின் மர்ஃபி ரயில் நிலையத்தில் சில கூண்டுகள் வந்து இறங்கின. உள்ளே இருந்தவை ஐரோப்பியக் காட்டுப்பன்றிகள். எல்லாம் இளசு. ஜெர்மனியிலிருந்த ஒரு தரகர் வழியாக வாங்கியவை. அங்கிருந்து மாட்டுவண்டியில் ஏற்றி, கரடுமுரடான மலைப்பாதையில் இழுத்துக்கொண்டு போனார்கள். போய்ச் சேர வேண்டிய இடம் ஹூப்பர் பால்ட், 5,429 அடி உயரத்தில் இருக்கும் ஒரு சிகரம். அப்பலாச்சிய மலைத்தொடரில் மரமே இல்லாமல் புல் மட்டும் மண்டிய உச்சிகளை ஊர்க்காரர்கள் மொட்டை என்றுதான் சொல்வார்கள்; பால்ட் என்பது அதுதான். 13 பன்றிகள் உயிரோடு அங்கே போய்ச் சேர்ந்தன.

வரவழைத்தவர் ஜார்ஜ் கார்டன் மூர். ஆங்கிலேய முதலீட்டாளர்களுக்கு ஆலோசகராக இருந்தவர். அந்த மலைக்காடு வைட்டிங் என்ற மரக் கம்பெனியின் கையில் இருந்தது. கம்பெனிக்குக் கடன் திரட்டிக் கொடுப்பதில் மூர் உதவுவார். பதிலுக்கு மலையுச்சியில் ஒரு வேட்டைப் பண்ணை அமைத்துக்கொள்வார். ஏற்பாடு இதுதான். பணக்கார நண்பர்களை அழைத்து வந்து, தங்க வைத்து, விருந்து வைத்து, உள்ளூர் ஆட்களை வழிகாட்டிகளாக அனுப்பி வேட்டையாட வைப்பது அவர் திட்டம். முதலீடு செய்கிறவர் மனம் குளிர்ந்தால் கையெழுத்து தானாக விழும் என்ற கணக்கும் அதில் இருந்திருக்க வேண்டும்.

திட்டத்தில் குறை வைக்கவில்லை. விருந்தினர் விடுதி கட்டினார்கள், காவலாளிக்கு வீடு கட்டினார்கள், வண்டி போகப் பாதை வெட்டினார்கள். பன்றியோடு காட்டெருமை, எல்க் மான், ரஷ்யக் கரடி, வான்கோழி என்று ஒரு சர்க்கஸுக்குத் தேவையானதெல்லாம் மலையேறியது. பன்றிக்கென்று சுமார் 600 ஏக்கரை வளைத்து, செஸ்ட்நட் மரத்தைப் பிளந்த கழிகளை ஒன்பது வரிசை அடுக்கி வேலி போட்டார்கள். பொறுப்பு முழுக்க காட்டன் மெக்வயர் என்ற மலைக்காரரிடம்.

வேட்டைதான் நடக்கவில்லை. கரடிகள் வேலியேறிப் போய்விட்டன. மற்றவை ஒவ்வொன்றாகக் குறைந்தன. மூருக்கும் வேறு வேலைகள் வந்து ஆர்வம் வடிந்துபோனது. வேலியைத் தோண்டிக்கொண்டு சில பன்றிகள் அவ்வப்போது வெளியே போனாலும், பெரும்பாலானவை உள்ளேயே தங்கின. தின்ன செஸ்ட்நட் கொட்டையும் ஓக் கொட்டையும், புரள நீரோடை, தொந்தரவு செய்ய யாருமில்லை. எட்டுப் பத்து வருடம் அப்படியே போயிற்று.

1920களின் தொடக்கத்தில் மெக்வயர் கணக்குப் போட்டபோது அறுபதிலிருந்து நூறு பன்றிவரை தேறின. நண்பர்களைக் கூப்பிட்டு, நாய்களோடு ஒரு பெரிய வேட்டைக்கு நாள் குறித்தார். மொட்டைமலையின் முதல் பெருவேட்டை அது. விளைவு வேடிக்கையானது. செத்தவை இரண்டே பன்றிகள். நாய்களில் அரை டஜனாவது செத்தோ குடல் கிழிந்தோ போயின. வேட்டைக்காரர்கள் சிலர் மரத்தின்மேல் இருந்தார்கள். மிரண்ட கூட்டம் கழிவேலியைப் பிய்த்துக்கொண்டு ஸ்னோபேர்ட் மலைகளுக்குள் பாய்ந்து மறைந்தது. வழிகாட்டியோடு போகும் பன்றி வேட்டை என்ற தொழில் அமெரிக்காவின் அந்த மூலையில் வேர் பிடித்தது இந்தத் தோல்வியால்தான். அன்றைக்கு வேட்டை சரியாக நடந்திருந்தால் வேட்டையாடப் பன்றியே மிஞ்சியிருக்காது.

மூருக்கு முன்பே பன்றி அந்த நிலத்துக்கு வந்துவிட்டது, ஆனால் காட்டுப்பன்றியாக இல்லை. அமெரிக்கக் கண்டங்களுக்குச் சொந்தமான பன்றி இனமே கிடையாது. கொலம்பஸ் 1493இல் இரண்டாவது பயணத்தில் கேனரித் தீவிலிருந்து எட்டுப் பன்றிகளைக் கரீபியனுக்குக் கொண்டுபோனார். 1539இல் ஃப்ளோரிடாவில் இறங்கிய ஹெர்னாண்டோ டி சோட்டோ தன் படையோடு பன்றிகளையும் ஓட்டிக்கொண்டு நடந்தார். அவரும் 13 பன்றியோடுதான் தொடங்கினார் என்று சொல்வது வழக்கம். 1542இல் அவர் இறந்தபோது சுமார் 700 பன்றிகள் இருந்தன, வழியில் தின்றதும் தொலைந்ததும் போக. பின்னால் வந்த குடியேறிகளும் பன்றியைக் கட்டிப்போட்டு வளர்க்கவில்லை. காதில் அடையாளம் வெட்டி, காட்டில் மேயவிட்டு, குளிர்காலத்தில் பிடித்துக் கறியாக்கினார்கள். யாருடைய பன்றி என்பதைக் காது வெட்டு சொல்லும். அந்த அடையாளத்தைக் கவுண்டி அலுவலகத்தில் பதிவு செய்யும் வழக்கமும் இருந்தது. இப்படிக் காட்டோடு காடாகப் போன வீட்டுப்பன்றிகளோடு மூரின் பன்றிகள் கலந்தன. இரண்டும் ஒரே இனம் என்பதால் அதில் தடையேதும் இல்லை.

வேட்டைக்கென்றே ஐரோப்பியப் பன்றியை இறக்கியதிலும் மூர் முதல் ஆள் இல்லை. நியூ ஹாம்ப்ஷயரில் ஆஸ்டின் கார்பின் என்ற செல்வந்தர் 1890 வாக்கிலேயே வேலி போட்ட ஒரு பெரிய வனத்தில் ஜெர்மானியப் பன்றிகளை விட்டிருந்தார். 1902இல் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் அங்கே போய் ஒரு பன்றியைச் சுட்டார். அதிபர் சுட்ட மிருகம் என்றால் அதற்கு ஒரு மவுசு வராமல் இருக்குமா?

ஸ்னோபேர்ட் மலைக்காரர்களிடம் அந்த மவுசு வேறு விதமாக இறங்கியது. ‘ரூஷியன்’ என்றுதான் அவர்கள் அந்தப் பன்றியைச் சொல்வார்கள், ரஷ்யாவிலிருந்து வந்ததாக நம்பி. கரடிக்குப் பழகிய நாய்களைப் பன்றிக்குத் திருப்பினார்கள். அதில் தனிச்சிறப்பு ப்ளாட் நாய்க்கு. 1750 வாக்கில் ஜெர்மனியிலிருந்து வந்த ப்ளாட் குடும்பம் கொண்டுவந்த நாய்களின் வாரிசு அது. மூதாதை நாய்கள் அங்கே பன்றி வேட்டைக்கு வளர்த்தவை என்றும், கரோலினா மலையில்தான் கரடி வேட்டைக்கு மாறின என்றும் அந்தக் குடும்பத்து மரபுக்கதை சொல்கிறது. மூரின் பன்றி வந்ததும் அந்த நாய்க்குப் பழைய வேலை திரும்பக் கிடைத்தது. 1989இல் அது வட கரோலினாவின் மாநில நாயாகவும் ஆனது.

நாயோடு போகும் வேட்டைக்கு ஒரு முறை உண்டு. மோப்பம் பிடிக்கும் நாய்கள் முதலில் ஓடும். பன்றி எங்காவது பாறையையோ வேர்க்குவியலையோ முதுகுக்கு வைத்துத் திரும்பி நின்றதும், சுற்றி வளைத்துக் குரைத்து அதை நகரவிடாமல் வைக்கும். குரல் மாறுவதைக் கேட்டே பன்றி நின்றுவிட்டதா, இன்னும் ஓடுகிறதா என்று நாய்க்காரர் சொல்லிவிடுவார். துப்பாக்கி வைத்திருப்பவர் யாராகவும் இருக்கலாம், வேட்டை நாய்க்காரருடையது. ஊரிலிருந்து வருகிறவருக்கு மலை தெரியாது, ஓடை தெரியாது, எந்தச் சரிவில் எந்த மாதம் கொட்டை உதிரும் என்பதும் தெரியாது. அதைத் தெரிந்தவரைக் கூட்டிக்கொண்டு போகத்தான் காசு.

மாநில அரசுகளும் இதில் வருமானத்தைக் கண்டன. டென்னஸியின் டெலிகோ காட்டில் ஒழுங்குபடுத்தப்பட்ட வேட்டைகள் தொடங்கின. கலிபோர்னியாவுக்குப் போன மூர், 1920களின் நடுவில் ஹூப்பர் பால்ட் பன்றிகளில் சிலவற்றை மான்டரே பகுதியிலிருந்த தன் பண்ணைக்கும் வரவழைத்தார். ஒரு முறை பட்டது போதாது போலும். இன்று கலிபோர்னியாவின் 58 கவுண்டிகளில் 56இல் காட்டுப்பன்றி உண்டு. 1957இல் அங்கே அது சட்டப்படி வேட்டை விலங்கானது. வட கரோலினாவின் ஆறு மேற்குக் கவுண்டிகளில் 1979இல். வேட்டை விலங்கு என்றால் பருவம் உண்டு, உரிமம் உண்டு, பாதுகாப்பும் உண்டு.

பக்கத்திலேயே கிரேட் ஸ்மோக்கி மலைத் தேசியப் பூங்கா. அதற்கு வேட்டைக்காரரும் வேண்டாம், பன்றியும் வேண்டாம். 1940களின் இறுதியில் பன்றிகள் எல்லை தாண்டி உள்ளே வந்தன. 1959 முதல் பூங்கா ஊழியர்கள் பொறிவைத்தும் சுட்டும் அகற்றிவருகிறார்கள். இதுவரை போனவை 13,000க்கு மேல். எல்லைக்கு அந்தப்பக்கம் விருந்தாளி, இந்தப்பக்கம் பீடை.

இந்தக் கதையின் மிகக் கசப்பான அத்தியாயம் டென்னஸியில் நடந்தது. அங்கே 1999 வரை சுமார் 15 கவுண்டிகளில்தான் காட்டுப்பன்றி இருந்தது. அந்த ஆண்டு, எண்ணிக்கையைக் குறைக்கலாம் என்ற நல்லெண்ணத்தில், மாநிலம் முழுவதும் வரம்பில்லாமல் வேட்டையாட அரசு அனுமதி கொடுத்தது. அடுத்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் பன்றி சுமார் 80 கவுண்டிகளில் தலைகாட்டியது. மாநிலத்தில் மொத்தமே 95 கவுண்டிதான். பன்றி தானாக நடந்து அவ்வளவு தூரம் போகவில்லை. தங்கள் ஊரிலும் வேட்டை இருக்கட்டும் என்று ஆட்கள் இரவில் டிரக்கில் ஏற்றிக்கொண்டுபோய்த் திறந்துவிட்டார்கள் என்பதே வனவிலங்குத் துறையின் முடிவு. வேட்டையாட உரிமை கிடைத்ததும், வேட்டையாட ஏதாவது வேண்டுமே என்ற கவலை வந்துவிட்டது. மூர் மாட்டுவண்டியில் செய்ததை இவர்கள் டிரக்கில் செய்தார்கள். 2011இல் டென்னஸி பன்றியைப் பெருவேட்டை விலங்குகளின் பட்டியலிலிருந்து எடுத்தது, உயிரோடு கொண்டுசெல்வதையும் தடுத்தது. அதே ஆண்டு வட கரோலினாவும் அதன் வேட்டை விலங்குத் தகுதியைப் பறித்தது.

டெக்சாஸ் எதிர்த்திசையில் போனது. 2011இல் நிறைவேறிய சட்டம், பணம் கட்டும் எவரும் தகுதி பெற்ற நிறுவனத்தின் ஹெலிகாப்டரிலிருந்து பன்றி சுட வழிசெய்தது. 2017இல் வெப்பக்காற்று பலூனையும் சேர்த்தார்கள். பலூனில் யார் போவார்கள் என்று சிரித்தவர்கள் உண்டு, சட்டம் மட்டும் புத்தகத்தில் ஏறிவிட்டது. 2019 முதல் தனியார் நிலத்தில் நில உரிமையாளர் சம்மதித்தால் உரிமம்கூடத் தேவையில்லை. அங்கே இன்று பயணம் திட்டமிடுகிறவர் முடிவு செய்ய வேண்டியது நாயா, மக்காச்சோளத்தைத் தூவும் தீவனக் கருவியின் அருகே பரணா, இரவில் வெப்பக் காட்சிக் கருவியா, ஹெலிகாப்டரா என்பது. உயர வேலி போட்ட பண்ணையைத் தேர்ந்தால் பன்றி கிடைப்பது ஏறத்தாழ நிச்சயம். அதை வேட்டை என்று சொல்லலாமா என்பது வேட்டைக்காரர்களுக்குள்ளேயே ஓயாத சண்டை. கறியை வெட்டும்போது கையுறை போடச் சொல்வார்கள். புருசெல்லா கிருமி பன்றியிடமிருந்து மனிதருக்குத் தொற்றும்.

விவசாயியின் கணக்கு வேறு. ஒரே இரவில் கூட்டம் ஒன்று நிலக்கடலை வயலை ஏர் ஓட்டியதுபோல் புரட்டிவிடும். பன்றித்தொகை ஏறாமல் இருக்கவே ஆண்டுக்கு மூன்றில் இரண்டு பங்கை அகற்ற வேண்டும் என்று உயிரியலாளர்கள் மதிப்பிடுகிறார்கள். வாரக்கடைசி வேட்டைக்காரர் ஒன்றிரண்டைச் சுடுவார். மீதிக் கூட்டம் சிதறி, இரவாடியாகி, பொறிக்கும் சிக்காமல் போகும். இதே காரணத்தைச் சொல்லித்தான் மிசௌரி மாநிலத்தின் வனவளத் துறை 2016இல் தன் நிலங்களில் பன்றி வேட்டைக்குத் தடை போட்டது. முழுக் கூட்டமும் கூண்டுக்குள் வரும்வரை சோளம் போட்டுக் காத்திருந்து, ஒரே நேரத்தில் கதவைச் சாத்துவது அங்கே ஊழியர்களின் முறை. கான்சஸ் இன்னும் ஒரு படி மேலே போய்ப் பொழுதுபோக்குப் பன்றி வேட்டையையே சட்டவிரோதமாக்கியது. தன் நிலத்துக்குள் நுழைந்த பன்றியை விவசாயி சுடலாம். அதைச் சுடக் காசு வாங்கிக்கொண்டு வெளியூர்க்காரரைக் கூட்டிவர முடியாது.