திருச்சபையும் கும்பினியும்

'திருச்சபை' என்பது, கூட்டத்தையும் அது கூடும் மண்டபத்தையும் ஒருங்கே சுட்டும் 'ஸபா' என்ற வடசொல்லைத் தமிழ் 'திரு' முன்னடையாகச் சேர்ந்து புனிதப்படுத்த, அழைக்கப்பட்டோர் கூட்டம் எனப் பொருள்படும் 'எக்லேசியா' என்னும் கிரேக்கப் பதத்துக்கு ஈடாகக் கிறிஸ்தவர் வழங்கிவரும் சொல். நம் முன்னோர் நாவில் 'கும்பினி' என வழங்கிய கம்பெனியோ, லத்தீன் மூலத்தில் அப்பத்தைப் பகிர்ந்துண்போர் என்பதைக் குறிப்பது. இப்பொருள் வியாபாரத்தைவிட ஆலயத்துக்கே பெரிதும் பொருந்துகிறது.

இவ்விரு சொற்களும் சட்டத்தில் இணைந்தது 1947-இல். சென்னை ஜார்ஜ் கதீட்ரலில், அவ்வருஷம் செப்டம்பர் 27 அன்று ஆங்கிலிக்கர், மெதடிஸ்டுகள், தென்னிந்திய ஐக்கிய சபையார் ஆகியோர் ஒன்றுகூடித் தென்னிந்தியத் திருச்சபையாயினர். விசுவாசிகளின் சமூகமாகிய சபை, சட்டத்தின் கண்ணுக்குத் தனி 'நபர்' அன்று. ஆகவே அதன் நிலங்களையும் கட்டடங்களையும் வகிக்கும்பொருட்டு, சபையின் பெயரையே தாங்கிய டிரஸ்ட் சங்கம் ஒன்று, 1913-ஆம் வருஷத்துக் கம்பெனிச் சட்டத்தில் இலாபநோக்கமற்ற சங்கங்களுக்குரிய 26-ஆம் பிரிவின்கீழ்ப் பதிவாயிற்று. அப்பிரிவே 1956-ஆம் வருஷச் சட்டத்தில் 25 ஆகி, 2013-இல் 8 ஆனது.

சபைச் சொத்துக்களைச் சுற்றி எழும் வழக்குகளின் வேர் இங்கேயே இருக்கிறது. சபையின் ஆட்சி மன்றமான சினாடு, சபை விதிகளைக் காட்டும். கம்பெனிப் பதிவாளரோ சங்கத்தின் இயக்குநர் பட்டியலையும் ஆண்டுக் கணக்கையும் கேட்பார். பெயர் ஒன்றாயினும் உடல் இரண்டு. பல்லாவரத்திலோ தாம்பரத்திலோ சபை நிலம் வாங்க முற்படுவோர், பத்திரத்தில் உரிமையாளராக எழுதப்பட்டிருப்பது சபையா, சங்கமா என்பதை முதலில் பார்த்துக்கொள்வார்களாக.