350 கிணறுகளும் ஒரு தீர்ப்பும்

பூட்டுக்குப் பெயர்பெற்றது திண்டுக்கல். அதன் சுற்றுப்புறச் சமவெளியிலோ, உழவரின் வாழ்வுக்கே பூட்டுப் போட்டது தோல் பதனிடும் சாலைகளின் கழிவுநீர். திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியங்களைச் சேர்ந்த 13 சிற்றூர்களில் 467 கிணறுகளை ஆராய்ந்தது ஒரு தன்னார்வ அமைப்பு. கெட்டுக் கிடந்தவை 350! குடத்தோடு கல் தொலைவு நடந்தனர் தாய்மார். விதி என்று வாளாவிருப்பதா? நீதி கேட்பதா? கேட்பதென்றால் எங்கே கேட்பது?

உச்சநீதிமன்றம் என்ற ஒன்று உண்டு. ஆனால் அதன் தொடக்கக் கதை நமக்குத் தெரியும். 1950 ஜனவரியில் தோன்றிய அம்மன்றம், 1951 ஏப்ரல் 9ல் சென்னை மாநிலத்தின் வகுப்புரிமை ஆணையைச் செல்லாதென்றது. மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பமே போடாத ஒருவரின் வழக்கு, வழிவழியாகக் கல்வி மறுக்கப்பட்டோரின் பங்கைப் பறித்தது! தமிழகம் கொதித்தது, பெரியார் போர்க்குரல் எழுப்பினார். அவ்வாண்டு ஜூன் 18ல் அரசியல் சட்டம் முதன்முறையாகத் திருத்தப்பட்டது. பிற்பட்டோர்க்குத் தனி ஏற்பாடு செய்ய 15(4) என்னும் பிரிவு பிறந்தது. மன்றம் மூடிய கதவை மக்கள் திறந்தனர்.

பின்னர் மன்றமும் மாறிற்று. வறுமையாலோ இயலாமையாலோ நீதிமன்றத்தை அணுக முடியாதோர்க்காகப் பொதுநல நோக்குடையோர் வழக்காடலாம் என்று 1981ல் அது தெளிவுறக் கூறியது. அவ்வழியே 1991ல் நுழைந்தது வேலூர்க் குடிமக்கள் நல மன்றம். தோல் தொழில் அன்னியச் செலாவணி ஈட்டுகிறது. ஆயிரமாயிரம் பேர்க்கு வேலை தருகிறது. உண்மைதான்! அதற்காக நீரையும் நிலத்தையும் அழிக்கும் உரிமை அதற்கு உண்டா? இல்லை என்றது 1996 ஆகஸ்ட் 28ல் வந்த தீர்ப்பு. மாசு செய்தவரே ஈடு தரவேண்டும் என்பது இந்நாட்டின் சட்டமே என்றது. திண்டுக்கல் உள்ளிட்ட மாவட்டங்களின் தோல் சாலைகள் ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் தண்டம் விதித்தது.

பறித்ததும் அதே மன்றம். காத்ததும் அதே மன்றம். ஆகவே, நீதிமன்றத்தைக் கோயிலாக்கிக் கும்பிடுவது மடமை. பயனற்றதென ஒதுக்குவதும் மடமை. தீர்ப்பு தாளில் இருக்கிறது. ஊற்றிலே நல்ல நீர் சுரக்க, அதை நிறைவேற்ற வைக்கும் விழிப்பு வேண்டும்.

350 என்ற அந்த எண் தீர்ப்பிலேயே பொறிக்கப்பட்டிருக்கிறது. கிணறு கிணறாகச் சென்று அதை எண்ணியவர்கள் நீதிபதிகள் அல்லர், தோழர்களே! மக்களிடையே பணியாற்றிய தொண்டர்கள். எண்ணும் வேலை இன்னும் முடியவில்லை.