தௌலிப் பாறையில் இல்லாத வருத்தம்

கலிங்கப் போரில் ஒரு லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள், ஒன்றரை லட்சம் பேர் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டார்கள் என்று சொல்லி, அதற்காக வருந்துகிறது அசோகரின் 13ஆம் பாறைக் கல்வெட்டு. சோழர், பாண்டியர் பெயர்களும் வரும் அந்தக் கல்வெட்டு நம் பாடப்புத்தகங்கள் வரை வந்துவிட்டது. ஆனால் கலிங்க மண்ணில், தௌலியிலும் ஜௌகடாவிலும், அதைக் காண முடியாது. 11 முதல் 13 வரையான கல்வெட்டுகளை விட்டுவிட்டு, அங்கே இரண்டு தனி ஆணைகளைப் பொறித்திருக்கிறார்கள். அசோகர் தன் மனத்தை எவ்வளவு அறிந்திருந்தார் என்பதற்கு, புகழ்பெற்ற அந்த வருத்தத்தைவிட இந்த ஆணைகளே நல்ல சான்று.

தௌலியின் முதல் தனி ஆணை தோசலி நகரின் நீதி அதிகாரிகளுக்கு இடப்பட்டது. காரணமில்லாமல் சிலர் சிறைப்படுவதையும் துன்புறுவதையும் அது மறைக்கவில்லை. அதன் வேரை அதிகாரியின் உள்ளத்தில் தேடுகிறது. பொறாமை, சினம், கொடுமை, அவசரம், சோம்பல், களைப்பு ஆகியவை நடுநிலையைக் கெடுக்கும் என்கிறது. தீய குணம் இல்லாதவரும் களைத்துப்போவார், களைத்த கையாலும் அநீதி நடக்கும் என்பதைக் கண்டவர்தான் இந்தப் பட்டியலில் களைப்பையும் சேர்க்க முடியும். அறிவுரையோடு ஆணை நின்றுவிடவில்லை. குறித்த நாள்களில் அதை வாசிக்க வேண்டும். கேட்க ஒருவரே இருந்தாலும் வாசிக்கலாம். 5 ஆண்டுக்கு ஒருமுறை, கடுமையில்லாத அதிகாரி ஒருவர் சுற்றி வந்து மேற்பார்க்க வேண்டும். அசோகரின் பிற்காலத்துத் தூண் கல்வெட்டு ஒன்று, மனிதர் தம் நற்செயலைத்தான் காண்கிறார், தீச்செயலைக் காண்பதில்லை என்கிறது. இன்னொன்று, மரண தண்டனை பெற்றவருக்கு 3 நாள் அவகாசம் தருகிறது.

வருந்தியவர் கலிங்கத்தைத் திருப்பிக் கொடுக்கவில்லையே, வருத்தத்தை அந்த மக்களிடமே சொல்லவில்லையே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். வருத்தம் சொல்லும் அதே கல்வெட்டு, காட்டில் வாழ்வோரை எச்சரிக்கவும் செய்கிறது. தன் வலிமையை அசோகர் கைவிடவில்லை. அதனால்தான் அவருடைய வருத்தத்தை மட்டும் வைத்து அவரை உயர்த்திப் பேசுவது சரியாகாது. ஆனால் தோசலி ஆணையை வெறும் விளம்பரம் என்று தள்ளவும் முடியாது. தன்னைப் புகழ்ந்துகொள்ள வந்த அரசர், தன் அதிகாரிகளால் குற்றமற்றவர் சிறைப்படுகிறார் என்று வென்ற நாட்டிலேயே கல்லில் வெட்டிவைக்க மாட்டார். தலைவரின் மன உணர்வு மக்களுக்குப் பயன்படுவது, அது அவருடைய ஆட்களின் கையைக் கட்டும் விதியாக மாறும்போதுதான். இன்று தலைமைப் பண்பைப் பேசுவோரும், தலைவர் எவ்வளவு உருகினார் என்பதை விட்டு, தன் கோபத்துக்கும் அவசரத்துக்கும் எதிராக என்ன ஏற்பாடு செய்தார் என்று கேட்க வேண்டும்.