தெளிந்த நீரும் தூய நீரும்



கண்ணாடி போல் தெளிந்திருக்கும் நீரை நல்ல நீர் என்றே நாம் கொள்கிறோம். தெளிந்த நீர் எல்லாம் குடிக்கத் தக்க நீர் அன்று என்பதை நமது தருமபுரி மாவட்டத்தின் வரலாறு, பல தலைமுறைகளின் பற்களிலும் எலும்புகளிலும் எழுதி வைத்திருக்கிறது.

1901ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகருக்குத் தொழில் செய்ய வந்த பல் மருத்துவர் மெக்கே, அவ்வூராரின் பற்களில் பழுப்புக் கறைகளைக் கண்டு வியந்தார். அதற்குக் காரணம் குடிநீரில் கரைந்துள்ள ஃபுளோரைடு என்பது 1931இல்தான் தெளிவாயிற்று. இந்தியாவில் இந்நோய் 1937ஆம் ஆண்டு, அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில் மருத்துவர்களால் முதன்முதலாகப் பதிவு செய்யப்பட்டது. அங்கு முதுகெலும்பு இறுகி, குனியவும் நிமிரவும் இயலாதோர் இருந்தனர்.

நமது மாவட்டம் கடினப் பாறைகளால் ஆனது. அப்பாறைகளின் தாதுக்களில் உள்ள ஃபுளோரைடு நிலத்தடி நீரில் மெல்லக் கரைகிறது. திறந்த கிணறுகளால் காலராவும் வயிற்றுப்போக்கும் பரவுகின்றன என்றுதான் 1970களுக்குப் பின் நாடெங்கும் ஆழ்துளைக் கிணறுகளும் கைப்பம்புகளும் பெருகின. கிருமிகளிடமிருந்து காக்க வந்த அதே கிணறு, பாறையின் ஆழத்திலிருந்த ஃபுளோரைடையும் மேலே கொண்டு வந்தது. லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம். வேறு நீர் இல்லாத இடத்தில் 1.5 வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர அளவு. அதற்கு மேற்பட்ட நீரைப் பல்லாண்டுகள் பருகினால் தீங்கு நேரும். நிலையான பற்கள் உருவாகும் பருவத்துப் பிள்ளைகளே முதலில் பாதிக்கப்படுவர். ஒருமுறை பற்களில் படிந்த கறை பின்னர் மறைவதில்லை.

இத்துயர் தீர்க்கவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் எழுந்தது. ஜப்பான் நாட்டின் கடனுதவியுடன், 1,928 கோடி ரூபாய் மதிப்பீட்டில், தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் காவிரி நீரைத் தர 2008இல் அடிக்கல் நாட்டப்பட்டது. கர்நாடகத்தின் எதிர்ப்பினால் அவ்வாண்டிலேயே சில காலம் பணி நிறுத்தி வைக்கப்பட்டது. 2013ஆம் ஆண்டு திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது.

மலையாளிப் பழங்குடியினர் வாழும் வத்தல்மலை போன்ற மலையூர்களின் நிலை வேறு. சுனையும் திறந்த கிணறும் துணையாக உள்ள இடங்களில் ஃபுளோரைடைவிடக் கிருமியே பெரிய அச்சம். மழைநீர் சாணத்தையும் கழிவையும் அடித்து வந்து கலக்கும். அங்கே கொதிக்க வைப்பது நல்ல மருந்து. ஆனால் சமவெளியின் ஃபுளோரைடுக்கு அம்மருந்து பலிக்காது; நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடவே செய்யும். பிளீச்சிங் பவுடரும் கிருமியைக் கொல்லுமேயன்றி ஃபுளோரைடை நீக்காது. நோய் இன்னதென்று அறியாமல் மருந்திடலாகாது என்பதே இதில் நாம் பெறும் படிப்பினை.

எனவே ஜமாஅத்தார் மூன்று காரியங்களைச் செய்ய வேண்டுகிறோம். ஒளு செய்யப் பயன்படும் ஆழ்துளைக் கிணற்று நீரைப் பிள்ளைகள் குடிக்காதவாறு, குடிநீர்க் குழாயைத் தனியே குறித்து வைக்க வேண்டும். அந்நீரைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் சோதித்து, முடிவை அறிவிப்புப் பலகையில் எழுத வேண்டும். மேல்நிலைத் தொட்டியை முறையாகக் கழுவி, குளோரின் கலந்து, கடைசிக் குழாயிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். திறந்து வைத்த பிளீச்சிங் பவுடர் வீரியம் இழந்துவிடும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

தண்ணீர் இறைவன் தந்த அமானிதம். அதைக் காப்பதும் அடுத்த தலைமுறைக்குத் தூயதாகக் கையளிப்பதும் நம் அனைவர் மீதும் உள்ள கடமையாகும்.