நுங்கம்பாக்கத்தில் பிறந்த ஆசியா

1861 ஏப்ரல் 17 அன்று, சென்னை நுங்கம்பாக்கம் வானாய்வகத்தில் நார்மன் ராபர்ட் போக்சன் ஒரு சிறுகோளைக் கண்டறிந்தார். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே சுற்றிவரும் பாறைகளின் வரிசையில் அது 67ஆவது. ஆசியக் கண்டத்திலிருந்து கண்டறியப்பட்ட முதல் சிறுகோள் என்பதால் 'ஆசியா' எனப் பெயர் பெற்றது. கிரேக்கத் தொன்மத்தில் ஆசியா என்றொரு பெண்தெய்வமும் உண்டு. ஆதலால் சிறுகோள்களுக்குப் பெண்தெய்வங்களின் பெயரிடும் அக்கால மரபும் வழுவவில்லை.

ஒளிப்படத் தகடுகள் இப்பணிக்கு வாராத காலம் அது. விண்மீன் வரைபடத்தை வானத்தோடு ஒப்பிட்டு, படத்தில் இல்லாத புள்ளி எதுவென்று தேடவேண்டும். அப்புள்ளி அடுத்த இரவு இடம் பெயர்ந்திருந்தால் அது விண்மீனன்று. இந்தப் பொறுமையோடு போக்சன் சென்னையிலிருந்து மேலும் நான்கைக் கண்டார்: சாஃபோ (1864), சில்வியா (1866), கமில்லா (1868), வேரா (1885). கிரேக்கப் பெண்பாற் புலவர் சாஃபோவுக்குச் சென்னையிலிருந்து கண்ட வானத்தில் இடம் கிடைத்தது, ஔவைக்குக் கிடைக்கவில்லை. (பிற்காலத்தில் வெள்ளிக் கோளின் பள்ளம் ஒன்றுக்கு ஔவையின் பெயர் சூட்டப்பட்டது என்பது தமிழாசிரியர்க்குச் சிறு ஆறுதல்.)

போக்சனின் உதவியாளர் சிந்தாமணி ரகுநாதாச்சாரியை இங்கே நினைக்கவேண்டும். 1867இல் ரெட்டிகுலம் என்னும் தென்வான மண்டலத்தில் ஒளி மாறும் விண்மீன் ஒன்றை அவர் கண்டறிந்தார். சிறுகோளைக் கண்டவர் பெயரை முன்மொழியலாம். மாறும் விண்மீனுக்கு அவ்வுரிமை இல்லை. அது 'ஆர் ரெட்டிகுலி' என்று ஓர் எழுத்தோடும் மண்டலப் பெயரோடும் நின்றுவிட்டது. கண்டவர் பெயர் ஆய்வேடுகளைத் தாண்டி வரவில்லை. நம் பாடநூல்களேனும் அவரைச் சொல்லியிருக்கலாம்.

வேராவுக்குப் பின் ஒரு நூற்றாண்டுக்கு மேல் இந்திய மண்ணிலிருந்து புதிய சிறுகோள் எதுவும் கண்டறியப்படவில்லை. 1988 பிப்ரவரி 17 அன்று, ஜவ்வாது மலையிலுள்ள காவலூரில், ஆர். ராஜமோகன் 48 செ.மீ. ஷ்மிட் தொலைநோக்கியின் வழியே அம்மௌனத்தைக் கலைத்தார். சுற்றுப்பாதை உறுதியானபின் அதற்கு 4130 என்ற எண்ணும், 'ராமானுஜன்' என்ற பெயரும் கிடைத்தன. ஈரோட்டில் பிறந்து, கும்பகோணத்தில் பயின்று, சென்னைத் துறைமுகத்தில் எழுத்தராக இருந்தவரின் பெயர்!

ஆகாயத் தலமாகிய தில்லையிலிருந்தும் கடலூரிலிருந்தும் சென்னை செல்லும் அன்பர்கள், நுங்கம்பாக்கம் வானிலை ஆய்வு மைய வளாகத்தில் ஒரு கருங்கல் தூண் நிற்பதை அறிந்திருக்கமாட்டார்கள். 1792இல் எழுந்த வானாய்வகத்தின் கருவியைத் தாங்கிய தூண் அது. அதில் பொறித்த மொழிகளுள் தமிழும் ஒன்று.